சால்ட் லேக் சிட்டியில் இரண்டு ராத்திரி: ஆண்-ஆண் தம்பதி காரில் போய்த் தங்கலாமா?

திருச்சி_ஃப்ரீமாண்ட் | 2025 ஆகஸ்ட் 19

வணக்கம். நானும் என் கணவனும் செப்டம்பர் நடுவில் ஃப்ரீமாண்டிலிருந்து டென்வருக்குக் குடி போகிறோம். சாமான் லாரியில் போகிறது, நாங்கள் காரில். ஐ-80 நெடுஞ்சாலை பிடித்து ரீனோ, எல்கோ, சால்ட் லேக் சிட்டி, அங்கிருந்து வயோமிங் வழியாக டென்வர். ஒரே மூச்சில் ஓட்ட முடியாது என்பதால் சால்ட் லேக்கில் இரண்டு ராத்திரி தங்கி ஊரையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று எனக்கு ஆசை.

அவனுக்குத்தான் தயக்கம். மார்மன் என்கிற கிறிஸ்தவச் சபையின் தலைமையிடம், யூட்டா முழுக்கப் பழமைவாதம், அங்கே போய் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும் என்கிறான். ஆபீஸில் இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர் "நிற்காமல் ஓட்டிவிடுங்கள்" என்றார். இன்னொருவர் "கலிபோர்னியாவை விட அங்கே நன்றாக நடத்துவார்கள்" என்றார். இரண்டு பேரும் அங்கே போனதில்லை.

எங்களைப் பற்றிக் கொஞ்சம். 2022-ல் சான் ஹோசேயில் கல்யாணத்தைப் பதிவு செய்தோம். என் அம்மாவுக்குத் தெரியும், போனில் அவனோடு பேசுவார். அவன் வீட்டில் அக்காவுக்கு மட்டும் தெரியும். ஹோட்டலில் ஒரே கட்டில் போட்ட அறை கேட்டால் பிரச்சினை வருமா, தெருவில் கை கோத்து நடக்கலாமா, இதெல்லாம் போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த ஊரில் தமிழ் ஆட்கள் அதிகமா? வெள்ளைக்காரர்கள் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவன்தான் அவன். ஆனால் கடையில் எங்கேயாவது யாராவது தமிழில் பேசுகிற சத்தம் கேட்டால் போதும், கை தானாக விலகிவிடும். நான் அதற்காக அவனைக் குறை சொல்லவில்லை. எனக்கும் முதல் இரண்டு வருஷம் அப்படித்தான் இருந்தது.

---

நாமக்கல்காரன் | 2025 ஆகஸ்ட் 19

தம்பி, தாராளமாகப் போங்க. இரண்டு ராத்திரி போதாது, முடிந்தால் மூன்றாக்குங்க.

நான் நாமக்கல். அப்பா லாரி ஓட்டியவர், பிறகு சொந்தமாக இரண்டு வண்டி வைத்திருந்தார். இப்போது நான் இருப்பது சாக்ரமெண்டோவில். எங்க வீட்டுக்காரர் கும்பகோணம். 2015-ல் கல்யாணம். 2023 ஜூன் முதல் வாரம் நாங்களும் இதே ஐ-80-ல் போய் நாலு ராத்திரி சால்ட் லேக்கில் இருந்தோம். போகிறபோது உங்கள் கணவர் நிலையில்தான் எங்க வீட்டுக்காரர் இருந்தார். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ரீனோவுக்கு அப்புறம் நெவாடா முழுக்கப் பொட்டல். வெண்டோவரில் மாநில எல்லை தாண்டியதும் போன்னெவில் உப்புவெளி வரும். கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. 4-ஆம் எண் எக்ஸிட்டில் திரும்பினால் ஒரு தார்ச்சாலை போய் உப்பின் ஓரத்தில் முடிகிறது. அந்த வருஷம் குளிர்காலத்தில் பனி ரொம்ப அதிகம், ஜூனிலும் உப்பு சரியாகக் காயவில்லை. மேலே பார்த்தால் பாறை மாதிரி ஓடு, அடியில் சேறு. நான் வண்டியை இறக்கி ஐம்பது அடி போவதற்குள் முன்சக்கரம் இரண்டும் அச்சு வரை இறங்கிவிட்டன.

சனிக்கிழமை சாயங்காலம். பெரிய பிக்கப் ஒன்று வந்து நின்றது. புருஷன், பெண்டாட்டி, பின்சீட்டில் நாலு பிள்ளைகள். எல்கோவில் பாட்டியைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். அந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்காமல் நைலான் இழுவைப் பட்டையை எடுத்துக்கொண்டு வந்து, போட்டிருந்த நல்ல சட்டையோடு அந்த ஈர உப்பில் மல்லாக்கப் படுத்து வண்டிக்கு அடியில் கொக்கி தேடினார். அவர் மனைவி எங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "நீங்கள் அண்ணன் தம்பியா?" என்று கேட்டார்.

எங்க வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், 'ஆமாம்னு சொல்லிடு' என்று அர்த்தம். ஊர் பேர் தெரியாத இடம், வண்டி சேற்றில், உதவி இவர்கள் கையில். ஆனாலும் எனக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "இல்லைங்க, எங்களுக்குக் கல்யாணம் ஆகி எட்டு வருஷம்" என்றேன். வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது: "எட்டு வருஷமா, நல்லது. கொக்கி எந்தப் பக்கம் இருக்குன்னு ஞாபகம் இருக்கா?"

அவ்வளவுதான். இழுத்து மேலே போட்டார். இன்றைக்கே அடிப்பாகத்தைக் கழுவிவிடுங்கள், உப்பு தின்றுவிடும் என்றார். கிளம்பும்போது அந்த அம்மா, "திங்கட்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வாங்க, சாப்பிடலாம்" என்று முகவரி எழுதிக் கொடுத்தார். திங்கள் மாலையைக் குடும்பத்துக்கென்றே ஒதுக்கி வைப்பது மார்மன் வீடுகளில் பழைய வழக்கம். வெளி வேலை கிடையாது, எல்லோரும் வீட்டில் சேர்ந்து சாப்பிட்டு, பாட்டு, விளையாட்டு, பிரார்த்தனை. அந்த மாலைக்குத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

அதற்கு நடுவில் ஊரைப் பார்த்தோம். ஹோட்டலில் ஒரே கட்டில் அறைதான் போட்டிருந்தேன். சாவியைக் கொடுத்தார்கள், அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

ஊரின் அமைப்பு பழக ஒரு நாள் ஆகும். எல்லாத் தெருவும் மார்மன் கோயில் சதுக்கத்திலிருந்து எண்ணிக் கணக்கு. 900 தெற்கு, 1100 கிழக்கு என்று முகவரி சொல்வார்கள். தெரு ஒவ்வொன்றும் 132 அடி அகலம். அந்தக் காலத்தில் மாடு பூட்டிய வண்டி சுலபமாகத் திரும்ப வேண்டும் என்று அப்படிப் போட்டதாகச் சொல்கிறார்கள். எங்கள் அப்பா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். நடந்து கடக்கிறவனுக்குத்தான் பயம். அதற்காகப் பல சந்திப்புகளில் கம்பத்தில் சின்னச் சின்ன ஆரஞ்சுக் கொடிகள் சொருகி வைத்திருக்கிறார்கள். ஒன்றை எடுத்து ஆட்டிக்கொண்டே கடந்து, அந்தப் பக்கக் கம்பத்தில் போட்டுவிட வேண்டும்.

900 தெற்குக்கு 2016-ல் ஹார்வி மில்க் பெயர் வைத்தார்கள். தன்பாலீர்ப்பை மறைக்காமல் சான் பிரான்சிஸ்கோ நகர மன்றத்துக்குத் தேர்வாகி, 1978-ல் சுட்டுக் கொல்லப்பட்ட அதே ஹார்வி மில்க். மார்மன் கோயிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அவர் பெயரில் பச்சைப் பலகை. அதே தெருவில் 1100 கிழக்கு ரவுண்டானாவில் நிலத்தைப் பிளந்துகொண்டு துள்ளுகிற மாதிரி ஒரு திமிங்கலச் சிலை, 23 அடி உயரம், மேலெல்லாம் கலர் கலராகப் பெயிண்ட். கடலே இல்லாத ஊரில் திமிங்கலம். அதைப் பார்க்கத் தெருவைக் கடக்கும்போது எங்க வீட்டுக்காரர் ஒரு கையில் ஆரஞ்சுக் கொடியைப் பிடித்திருந்தார், இன்னொரு கையால் என் கையைப் பிடித்தார். சிக்னலில் நின்ற காரில் ஒரு பாட்டி கை காட்டி 'போங்க, போங்க' என்றார். அந்தப் பக்கம் போன பிறகும் எங்க வீட்டுக்காரர் என் கையை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நம்மைப் போன்றவர்களின் பிரைடு ஊர்வலம். சான் பிரான்சிஸ்கோவில் எத்தனையோ பார்த்திருக்கிறேன், இது வேறு மாதிரி. இங்கே முக்கால்வாசி குடும்பம் குடும்பமாக வந்து நிற்கிறார்கள். 'மாமா டிராகன்ஸ்' என்று ஓர் அமைப்பு, மார்மன் வீடுகளில் தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகளைப் பெற்ற அம்மாக்கள் தொடங்கியது. அந்த அம்மாக்கள் நடந்து வந்தபோது என்னால் பேச முடியவில்லை. எங்கள் அம்மா 2019-ல் இறந்தார். கடைசிவரை அவரிடம் நான் சொல்லவில்லை.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். நகரத்துக்கு வடக்கே, மலையடிவாரத்தில் வீடு. எங்க வீட்டுக்காரர் சைவம் என்பதை முந்தின நாளே போனில் சொல்லியிருந்தேன். அவர்கள் 'ஃபியூனரல் பொட்டேட்டோஸ்' செய்திருந்தார்கள். உருளைக்கிழங்கு, சீஸ், மேலே நொறுக்கிய கார்ன்ஃபிளேக்ஸ். சாவு வீட்டுக்குக் கொண்டுபோகிற பண்டம் என்பதால் அந்தப் பெயர். நம் ஊரிலும் சாவு வீட்டில் அடுப்பு எரியாது, சொந்தக்காரர்தானே சாப்பாடு கொண்டுவருவார்கள், அதே வழக்கம். வழக்கமாக அதில் கோழி சூப் ஊற்றுவார்களாம். எங்களுக்காகக் காளான் சூப் ஊற்றிச் செய்திருந்தார் அந்த அம்மா. டப்பாவைக் குப்பையிலிருந்து எடுத்து வந்து, அதில் இருந்த சேர்மானப் பட்டியலை எங்க வீட்டுக்காரரிடம் காட்டினார். சந்தேகம் இல்லாமல் சாப்பிட வேண்டும் என்று.

சாப்பாட்டுக்கு முன்னால் பிரார்த்தனை. அவர்கள் கை கூப்புவதில்லை, மார்பின் குறுக்கே கைகளைக் கட்டிக்கொள்கிறார்கள். நாலு வயதுப் பொடியனும் கட்டிக்கொண்டான். அந்த மனிதர் குழந்தைகள் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, எங்கள் இருவர் பேரையும் சேர்த்துச் சொல்லி, இவர்கள் பத்திரமாக ஊர் போய்ச் சேர வேண்டும் என்றார். எங்க வீட்டுக்காரர் பேரில் ஒரு 'ழ' உண்டு. அது அவர் வாயில் படாதபாடு பட்டது, ஆனால் விடாமல் முழுசாகச் சொன்னார். நடுப்பிள்ளை, ஏழு வயசு இருக்கும், "உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றோம். "அப்போ திங்கட்கிழமை என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

சாப்பிட்ட பிறகு நான் பாத்திரம் கழுவினேன், அவர் துடைத்தார். அப்போது அவராகவே பேசினார். அவருடைய தம்பி ஒருவர். 2013 டிசம்பர் 20, ஆண்-ஆண், பெண்-பெண் கல்யாணத்துக்கு யூட்டாவில் இருந்த தடை செல்லாது என்று கூட்டாட்சி நீதிபதி தீர்ப்புச் சொன்ன நாள். அன்று சாயங்காலமே கவுண்டி அலுவலகத்தில் வரிசை. தம்பியும் அவர் துணைவரும் அந்த வரிசையில் நின்றுகொண்டு இவருக்குப் போன் செய்து, "வா" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பதினேழு நாளில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது, அதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜோடிகள் கல்யாணம் செய்துகொண்டார்கள். "பதினைந்து நிமிட தூரம். வண்டிச் சாவி கையில் இருந்தது. நான் போகவில்லை" என்றார். சபை சொல்வதை இன்றும் நம்புகிறேன் என்றும் சொன்னார், அதை மறைக்கவில்லை. தம்பி இப்போது போர்ட்லாண்டில், கிறிஸ்துமஸுக்கு வருவார்களாம். இதையெல்லாம் சொல்லி முடிக்கிறவரை ஒரே தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் என்ன பதில் சொல்வது? "கிறிஸ்துமஸுக்கு வரும்போது ரெண்டு பேர் பேரையும் சொல்லி ஜெபம் பண்ணுங்க" என்றேன். "பண்ணுகிறேன்" என்றார்.

இதுதான் நான் பார்த்த ஊர். எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்தவனை மனிதனாக நடத்துவதில் அவர்கள் குறை வைக்கவில்லை. நாம் இன்னார் என்று நேராகச் சொன்னதால்தான் அந்த மாலை எங்களுக்குக் கிடைத்தது. அண்ணன் தம்பி என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் அந்தத் தட்டைப் பேசாமல் துடைத்து வைத்திருப்பார்.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உப்பில் வண்டியை இறக்காதீர்கள், இறங்கி நடங்கள். ஒரு கிளாஸ் குடித்துவிட்டும் வண்டி எடுக்காதீர்கள், யூட்டாவில் ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு 0.05 சதவீதம், மற்ற மாநிலங்களை விடக் குறைவு. ஞாயிறு பல கடைகள் மூடியிருக்கும். அக்டோபர் முதல் வாரக் கடைசியில் சபையின் மாநாடு, ஹோட்டல் கிடைக்காது, நீங்கள் அதற்கு முன்னாலேயே போகிறீர்கள். கோயில் சதுக்கத்தில் டேபர்நேக்கிள் என்கிற மண்டபத்தில் மதியம் ஆர்கன் வாசிப்பார்கள், இலவசம், 11,623 குழாய்கள். கட்டாயம் கேளுங்கள். காபிப்பொடியும் ஃபில்டரும் கையோடு கொண்டுபோங்கள்.

---

பழைய_சான்ஹோசே | 2025 ஆகஸ்ட் 20

நாமக்கல் அண்ணன் எழுதியதைப் படித்தேன், நல்ல மனிதர்களைச் சந்தித்திருக்கிறார், சந்தோஷம். ஆனால் என்னால் அந்த ஊரை அவ்வளவு சுலபமாக ஏற்க முடியவில்லை.

2008-ல் நான் சான் ஹோசேயில் இருந்தேன். முன்மொழிவு 8. கலிபோர்னியாவில் நம் கல்யாண உரிமையைப் பறிக்கிற வாக்கெடுப்பு. அந்தக் கோடையில் கலிபோர்னியாவின் மார்மன் சபைகளில் தலைமையின் கடிதம் வாசிக்கப்பட்டது, நேரமும் பணமும் கொடுங்கள் என்று. கொடுத்தார்கள். 52 சதவீதத்தில் அது ஜெயித்தது. நானும் என் துணைவரும் அந்த நவம்பருக்கு முன்னால் கல்யாணம் செய்துகொள்வதா, ஊரிலிருந்து அவர் தங்கை வரும்வரை காத்திருப்பதா என்று யோசித்துக் காத்திருந்தோம். 2013 ஜூனில்தான் மறுபடி வழி திறந்தது. அவர் 2011-ல் மாரடைப்பில் போய்விட்டார். மருத்துவமனைப் படிவத்தில் உறவுமுறை என்ற இடத்தில் 'நண்பர்' என்று எழுதினேன்.

அந்த வாக்கெடுப்புக்கு அடுத்த வருஷம், 2009 ஜூலையில், அதே சால்ட் லேக்கில் கோயிலுக்குப் பக்கத்துச் சதுக்கத்தில் ஓர் ஆண் ஜோடி முத்தம் கொடுத்துக்கொண்டார்கள் என்று சபையின் காவலர்கள் பிடித்து வைத்தார்கள். வழக்கைப் பிறகு கைவிட்டார்கள். ஆனால் பிடித்தது பிடித்ததுதான்.

போகாதீர்கள் என்று சொல்லவில்லை தம்பி. போங்கள். வரவேற்றால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். இதையும் தெரிந்துகொண்டு போங்கள் என்றுதான் எழுதினேன்.

---

நாமக்கல்காரன் | 2025 ஆகஸ்ட் 20

அண்ணா, உங்கள் இழப்புக்கு நான் என்ன சொன்னாலும் சின்னதாகத்தான் இருக்கும். நீங்கள் எழுதிய ஒவ்வொன்றும் நடந்தது. அந்த முத்தச் சம்பவம் நடந்த அதே 2009 நவம்பரில்தான் வீட்டு வாடகையிலும் வேலையிலும் பாகுபாடு கூடாது என்று சால்ட் லேக் நகராட்சி விதி கொண்டுவந்தது, சபையும் அதை ஆதரித்தது. அந்த வருஷம் ஊர்க்காரர்களும் வீதியில் இறங்கிப் போராடினார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டே போராடியவர்களை நினைத்துத்தான் நான் போகச் சொல்கிறேன். உங்களுக்கு மனம் வராவிட்டால் அதுவும் நியாயம்தான்.

---

சாண்டி_அக்கா | 2025 ஆகஸ்ட் 21

நான் சால்ட் லேக்குக்குத் தெற்கே சாண்டியில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். சொந்த ஊர் விருதுநகர். வீட்டுக்காரருக்கு லீஹையில் ஐடி வேலை. நாங்கள் குடிவந்த மறுநாளே பக்கத்து வீட்டு அம்மா ரொட்டி சுட்டு எடுத்து வந்தார், எதிர்வீட்டுப் பையன்கள் சோபாவைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். இந்த ஊர்க்காரர்களின் அன்பு வேஷமில்லை.

நகரம் வேறு, மாநில அரசு வேறு என்பதைப் புரிந்துகொண்டால் இந்த ஊர் புரியும். நகரம் 2015-லேயே ஜாக்கி பிஸ்குப்ஸ்கி என்ற தன்பாலீர்ப்புள்ள பெண்ணை மேயராகத் தேர்ந்தெடுத்தது. மாநிலச் சட்டமன்றமோ இந்த வருஷம் அரசுக் கட்டிடங்களில் வானவில் கொடி பறக்கக் கூடாது, பறந்தால் நாளுக்கு 500 டாலர் அபராதம் என்று சட்டம் போட்டது. அது அமலுக்கு வருவதற்கு முந்தின நாள், மே 6, நகராட்சி மன்றம் கூடி, வானவில் நிறத்தின் மேல் ஊரின் செகோ அல்லிப் பூவைப் போட்டு, அதையே நகரின் அதிகாரபூர்வக் கொடிகளில் ஒன்றாக ஆக்கிவிட்டது. நகரக் கொடியைப் பறக்கவிடத் தடை இல்லை அல்லவா? நகராட்சிக் கட்டிடத்துக்கு முன்னால் போய்ப் பாருங்கள்.

சட்டத்தில் ஓட்டையும் உண்டு. 2015-ல் வந்த மாநிலச் சட்டம் வேலைக்கும் வீட்டுக்கும்தான், கடை, ஹோட்டலுக்கு இல்லை. நகரத்துக்குள் தங்கினால் நடைமுறையில் அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. திருநங்கை, திருநம்பி நண்பர்கள் யாராவது கூட வந்தால் விஷயம் வேறு. அரசு நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம் போன்ற இடங்களின் உடை மாற்றும் அறைகளில் 2024-ல் கடுமையான கட்டுப்பாடு வந்திருக்கிறது. அவர்களுக்கு இந்த ஊர் இன்னும் நிம்மதியாக இல்லை.

தமிழ் ஆட்கள் இருக்கிறோமா என்று கேட்டீர்கள். இருக்கிறோம். அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பொங்கல் சாப்பாட்டுக்கு இரண்டு பையன்கள் ஜோடியாக வந்தார்கள். புதிதாக வந்தவர்கள். யாரும் முறைக்கவில்லை, ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. ஆனால் அவர்கள் உட்கார்ந்த மேசையில் வேறு யாரும் உட்காரவில்லை. எட்டு நாற்காலி. நான் தட்டோடு அந்தப் பக்கம் போய், வேறு மேசைக்குத் திரும்பிவிட்டேன். அடுத்த வருஷம் அவர்கள் வரவில்லை.

சவுத் ஜோர்டனில் ஸ்ரீ கணேசர் கோயில் இருக்கிறது. நீங்கள் வருகிற நாளில் போவதாக இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். நானும் வருகிறேன். வழிக்குப் புளியோதரை கட்டித் தருகிறேன்.

---

திருச்சி_ஃப்ரீமாண்ட் | 2025 செப்டம்பர் 24

டென்வர் வந்து சேர்ந்துவிட்டோம். பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. நாமக்கல் அண்ணா, உப்பில் வண்டியை இறக்கவில்லை, இறங்கி நடந்தோம். செருப்பில் ஒட்டிய உப்பு இன்னும் இருக்கிறது.

மூன்று ராத்திரியாக ஆக்கிவிட்டோம். ஊர் முழுக்கக் கட்டுமான வேலை, மார்மன்களின் பெரிய கோயிலைச் சுற்றி இன்னும் கிரேன்கள். திமிங்கலத்தைப் பார்த்தோம், ஆர்கன் கேட்டோம். ஹோட்டலில் பிரச்சினை இல்லை. ஒரு டாக்சிக்காரர் மட்டும் நாங்கள் யார் என்று தெரிந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார், இறங்கும்வரை பேசவில்லை. நகராட்சி முன்னால் அந்த அல்லிப்பூக் கொடியின் கீழ் படம் எடுத்துக்கொண்டோம். பழைய சான் ஹோசே அண்ணா, கோயிலுக்குப் பக்கத்துச் சதுக்கத்தில் உங்களையும் அவரையும் நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றோம்.

கணேசர் கோயிலுக்குப் போன கதையைத்தான் எழுத வந்தேன். சனிக்கிழமை காலை. சாண்டி அக்கா முன்னாடியே வந்து வாசலில் நின்றார், கையில் பெரிய தூக்கு. உள்ளே நாலைந்து குடும்பங்கள். ஒரு மூலையிலிருந்து தமிழ் கேட்டது, மதுரைப் பக்கத்துப் பேச்சு. நான் எதிர்பார்த்தபடி அவன் என்னிடமிருந்து இரண்டடி தள்ளிப் போய் நின்றான். அக்கா அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த இடத்தை விட்டுவிட்டு, அவனுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். அந்த மதுரைக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "வாங்க, இவங்க என் தம்பிங்க, கலிபோர்னியாவிலிருந்து வந்திருக்காங்க" என்றார். அவர்களும் வந்து நின்றார்கள்.

அர்ச்சனைக்குச் சீட்டு வாங்கியிருந்தேன். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துப் பேரு, நட்சத்திரம் கேட்டார். சொன்னேன், சுவாதி. அவனைப் பார்த்துக் கேட்டார். உத்திரட்டாதி என்று மெதுவாகச் சொன்னான். குருக்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே சங்கல்பமா, தனித்தனியா?" என்றார்.

நான்தான் எப்போதும் பேசுவேன். ஹோட்டலில், பாங்கில், அவன் அக்காவிடம் முதலில் சொன்னதுகூட நான்தான். அன்றைக்கும் வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் சொல்லிவிட்டான், "ஒரே குடும்பம், சாமி. ஒண்ணாவே சொல்லிடுங்க."

குருக்கள் தலையை ஆட்டிவிட்டுப் பூவை எடுத்தார். இரண்டு பேரும் இரண்டு நட்சத்திரமும் சொல்லி, "ஸஹகுடும்பானாம்" என்று தொடர்ந்தார். அவன் தட்டை என் பக்கமாக நகர்த்தினான், நானும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

சாப்பிடும் கூடத்தில் எட்டுப் பேர் உட்காரும் மேசை. அக்கா எங்களுக்கு எதிரில் உட்கார்ந்தார். புளியோதரை வயோமிங் ராலின்ஸ் வரை வந்தது.